ஹவானா 1892: சிகோரின் எடுத்த பிஷப்

உலக செஸ் சாம்பியன்ஷிப் வரலாற்றில் என் மனசை இன்றும் பிசைகிற ஆட்டம் ஒன்று உண்டு. 1892, ஹவானா, அப்போதைய சாம்பியன் ஸ்டைனிட்ஸ் - ரஷ்ய வீரர் சிகோரின் மோதலின் 23வது ஆட்டம்.

முதலில் பத்து வெற்றி பெறுபவருக்குப் பட்டம். ஸ்டைனிட்ஸ் 9, சிகோரின் 8. வெள்ளைக் காய்களோடு கிங்ஸ் கேம்பிட் என்ற தொடக்க முறையில் ஆடிய சிகோரின் ஒரு காய் கூடுதலாக வைத்திருந்தார். ஜெயித்தால் 9-9.

கறுப்பின் இரண்டு யானைகளும் வெள்ளையின் இரண்டாவது வரிசைக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தன. ஆபத்துதான். ஆனால் டி6 கட்டத்தில் நின்ற வெள்ளை பிஷப், குறுக்குக் கோட்டில் ஹெச்2 சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்தது. 32வது நகர்த்தலில் சிகோரின் அதே பிஷப்பை எடுத்து பி4-ல் வைத்தார். அவ்வளவுதான். யானை ஹெச்2-ஐ வெட்டியது, அடுத்த நகர்த்தலில் ராஜாவுக்குத் தப்பவே முடியாத மேட் உறுதி. மோதலே முடிந்தது.

இதை வைத்து அவரை எடைபோடுவது பெரிய அநியாயம். 1895-ல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் நடந்த போட்டியில் 22 பேர் ஆடினார்கள். சிகோரின் முதல் சுற்றிலேயே அமெரிக்க வீரர் பில்ஸ்பரியைச் சாய்த்தார், அப்புறம் அப்போதைய உலக சாம்பியன் லாஸ்கரையும். கடைசியில் பில்ஸ்பரிக்கு 16½, சிகோரினுக்கு 16, லாஸ்கருக்கு 15½. ஸ்டைனிட்ஸ் ஐந்தாவது இடம்.

அந்த அரைப் புள்ளி சிகோரினுக்குக் கிடைத்திருக்கலாம் என்று இன்னமும் ஆதங்கப்படுகிறேன். செஸ் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அவருடைய ஹேஸ்டிங்ஸ் ஆட்டங்களைத்தான் முதலில் காட்ட வேண்டும், ஹவானாவை அல்ல.