சமாதானம் பேசக் காசு வாங்குகிறவன்

நான் படித்த கல்லூரியின் மலரைத் தயாரிக்கும் குழுவிலிருந்து தொலைபேசி வந்தது. கல்லூரி வாழ்க்கை உங்கள் தொழிலுக்கு எப்படி உதவியது என்று எழுதித் தாருங்கள் என்றார்கள். கிரிக்கெட் விளையாடத் தெரியாதது உதவியது என்றேன். சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

1976இல் ஒன்பதாம் வகுப்பு. மட்டை பிடிக்கவும் சரிவரவில்லை, பந்து பொறுக்கவும் சரிவரவில்லை. கணக்கில் கெட்டி என்பதால் மாஸ்டர் என்னை ஸ்கோரர் ஆக்கிவிட்டார். வேப்பமரத்தடியில் ஒரு மேசை, இரண்டு கதிரை. ஒன்றில் நான், மற்றதில் எதிர்க் கல்லூரிப் பையன். ஆளுக்கொரு புத்தகம். ஓவருக்கு ஓவர் இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். அன்று ஊர்க்கதையில் அதை மறந்துபோனோம். தேநீர் இடைவேளையில் பார்த்தால் என்னிடம் 113, அவனிடம் 109. இரு பக்கத்துப் பொடியளும் மேசையைச் சுற்றி நின்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். மாஸ்டர் வந்தார். யாருடைய புத்தகம் சரி என்று அவர் கேட்கவில்லை. "எந்த ஓவர் வரைக்கும் ரெண்டும் ஒண்டு?" என்றுதான் கேட்டார். பதினான்காவது வரை ஒத்திருந்தது. பதினைந்தாவதில் ஒரு ஓட்டம் ஓடியபின் எறிந்த பந்து எல்லைக்குப் போயிருந்தது. நான் ஐந்து எழுதியிருக்கிறேன். அவன் அப்போது பென்சில் கூராக்கிக்கொண்டிருந்ததால் நடுவரின் சைகையைக் காணவில்லை, ஒன்றுதான் எழுதியிருக்கிறான். அவனே அழித்து எழுதினான். கத்தின கூட்டம் வடை தின்னப் போய்விட்டது.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இன்று ரொறன்ரோவில் பிழைக்கிறேன்.

1986இல் இங்கு வந்தேன். எல்லாரையும் போல இரவில் தொழிற்சாலை, பகலில் வகுப்பு. அப்புறம் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. 1999 ஜனவரியில் ரொறன்ரோவிலும் ஒட்டாவாவிலும் சிவில் வழக்குகளுக்குக் கட்டாய மத்தியஸ்தம் வந்தது. 24.1ஆம் விதி என்பார்கள். வழக்கு விசாரணைக்குப் போகும் முன் இரு தரப்பும் மத்தியஸ்தர் ஒருவருக்கு முன்னால் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு அமர்வுக்கு மொழிபெயர்க்கப் போனேன். கடையைக் கூட்டாக நடத்திப் பிரிந்த இரண்டு பேர். மத்தியஸ்தர் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. ஒருவர் பேசி முடித்ததும் அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். ஒரு நிமிடம் போயிருக்கும். மொழிபெயர்க்க ஒன்றுமில்லாமல் நான் தவித்துப்போனேன். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் மற்றவர் வாயைத் திறந்தார். திறந்ததும் வழக்கில் எங்கும் எழுதப்படாத ஒன்றைச் சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இந்த வேலை எனக்கு வேணும்" என்றேன். "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டா. நியாயமான கேள்வி.

மத்தியஸ்தராக இருக்க, ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அரசாங்க உரிமம் தேவையில்லை, சட்டத்தரணியாக இருக்கவும் தேவையில்லை. யாரும் பலகை போடலாம். ஆனால் யாரும் வரமாட்டார்கள். நாற்பது மணித்தியாலப் பயிற்சியை முடித்தேன். சமூக சேவை நிலையம் ஒன்றில் இரண்டு வருடம் சம்பளமில்லாமல் அயலவர் சண்டைகளைப் பார்த்தேன். பிறகு நீதிமன்றப் பட்டியலில் பெயர் ஏறியது. இரு தரப்பும் தாங்களாக ஒருவரைத் தெரிவு செய்யாவிட்டால் பட்டியலில் உள்ள ஒருவருக்கு வழக்கு ஒதுக்கப்படும். எனக்கு முதலில் வந்தவை அந்த மாதிரி வழக்குகளே. அப்போது பட்டியல் கட்டணம் இரண்டு தரப்புக்கும் சேர்த்து 600 டொலர். தயாரிப்பும் மூன்று மணித்தியால அமர்வும் அதற்குள். அதில் அறை வாடகை போனால் மிச்சம் என்ன என்று நீங்களே கணக்குப் பாருங்கள். இரவில் மொழிபெயர்ப்பு வேலையை விடாமல் வைத்திருந்தேன்.

இந்தத் தொழிலுக்கு மூன்று அறை வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. ஒன்றாக இருந்து பேச ஒன்று, தனித்தனியே பேச இரண்டு. ஸ்காபரோவில் கடை ஒன்றின் மாடியில் நான் எடுத்த இடத்தில் நடுச்சுவர் வெறும் பலகை. ஒரு தரப்பு என்னிடம் இரகசியமாகச் சொன்ன தொகையை மற்றத் தரப்பு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே கேட்டுவிட்டது. அன்றைய அமர்வு அதோடு முடிந்தது. அடுத்த நாளே ஒவ்வொரு அறை வாசலிலும் இரைச்சல் போடும் மின்விசிறி வாங்கி வைத்தேன். தொழிலில் நான் செய்த உருப்படியான முதல் முதலீடு அது.

மத்தியஸ்தரைத் தெரிவு செய்வது சண்டை பிடிக்கும் ஆட்கள் அல்ல, அவர்களுடைய சட்டத்தரணிகள். இது பிடிபட எனக்கு மூன்று வருடம் சென்றது. அதுவரை தமிழ்ப் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டுக் காசைக் கரைத்தேன். விளம்பரம் பார்த்து வந்தவர்கள், "அண்ணை, நீங்கள் எங்கட ஆள்தானே, ஒருக்கா வந்து கதைச்சு விடுங்கோவன்" என்றார்கள். கட்டணத்தைச் சொன்னதும் முகம் மாறியது. கலியாண வீட்டில் என்னைக் கண்டு திரும்பி நின்றவர்களும் உண்டு. பிறகு விளம்பரத்தை விட்டேன். இரு தரப்பும் அனுப்பும் ஆவணங்களை வரி விடாமல் வாசித்துவிட்டு, அமர்வுக்கு முதல் நாள் ஒவ்வொரு சட்டத்தரணிக்கும் பத்து நிமிடம் தொலைபேசி எடுத்தேன். அதுதான் வேலை செய்தது. எனக்கு எதிர்ப் பக்கத்தில் இருந்தவர்போல் முறைத்துக்கொண்டு போன சட்டத்தரணிகூட அடுத்த வழக்கைக் கொண்டுவந்தார். 2004இல் மொழிபெயர்ப்பை விட்டேன். இன்று என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் தமிழர் அல்லாதவர்களின் வழக்கு. வேலைநீக்கம், பனியில் வழுக்கி விழுந்தது, கொண்டோமினியத்தில் நாய்.

தமிழர் வழக்கில் முதல் கேள்வி எப்போதும் எனக்குத்தான்: "தம்பி எந்த ஊர்?" ஊரைச் சொல்லுவேன். என் சொந்தக்காரர் யாரையாவது தெரியுமா என்று நானும் கேட்பேன். தெரியும் என்றால் இரு பக்கச் சட்டத்தரணிகளிடமும் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். இதனால் போன வழக்குகள் இருக்கின்றன. போகட்டும்.

அமர்வில் பேசியதை வெளியே சொல்லக்கூடாது. ஆகையால் இனிச் சொல்வது மூன்று நான்கு குடும்பங்களைக் கலந்து கட்டியது. அம்மா காலமாகிவிட்டார். அவருடைய சீதனக் காணி ஊரில் விற்ற காசு எங்கே என்று தங்கை கேட்கிறார். அம்மாவைப் பார்த்ததே நான்தான் என்று அண்ணன் ஒரு பெட்டி நிறையப் பற்றுச்சீட்டுகளைக் கொட்டுகிறார். இருவரும் என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கோ, ஆர் சரி?" என்கிறார்கள். நான் மாஸ்டரின் கேள்வியைக் கேட்டேன். எந்த வருடம் வரை உங்கள் இரண்டு பேருடைய கணக்கும் ஒன்று? இருவரும் 2006 என்றார்கள். அந்த மாரியில் அம்மா விழுந்து இடுப்பு முறிந்திருக்கிறது. தங்கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று அண்ணன் கேட்கவில்லை. கர்ப்பத்தில் படுக்கையை விட்டு எழும்ப வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்ததைத் தங்கையும் சொல்லவில்லை, அந்தப் பிள்ளை தங்காததால். அறையில் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. காசுக் கணக்கு அதற்குப் பிறகும் நாலு மணித்தியாலம் இழுத்தது. இழுத்தது காசு மட்டும்தான்.

மாலை நாலு மணிக்கு மட்டன் றோல்ஸ் எடுப்பிப்பேன். பசித்த வயிற்றில் ஒருவரும் விட்டுக்கொடுத்து நான் கண்டதில்லை. அன்றிரவே இணக்கத்தை எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவேன். தொடக்க காலத்தில் ஒருமுறை கைகுலுக்கியதோடு இரு தரப்பையும் வீட்டுக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை எல்லாம் குழம்பிவிட்டது. ஊரில் இருந்து ஒரு மாமா தொலைபேசியில், "உனக்கென்ன விசரோ?" என்று கேட்டாராம். அன்று தொட்டு, "கையெழுத்து வைக்க முதல் நீங்கள் ஆரைக் கேக்கவேணும்?" என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்கிறேன். 2020க்குப் பிறகு அந்த மாமாவையே சூமில் கூப்பிடலாம். ரொறன்ரோவில் கோடைகாலக் காலை ஏழு மணி என்றால் இலண்டனில் நண்பகல், யாழ்ப்பாணத்தில் மாலை நாலரை. நாலு திசைக்கும் சிதறிய குடும்பத்துக்கு நல்ல நேரம் அதுதான்.

என் அப்பா அறுபதுகளில் எங்கள் ஊர் இணக்கசபையில் இருந்தவர். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த சபை. ஒரு சதமும் வாங்காமல் எத்தனையோ வேலிச் சண்டைகளைத் தீர்த்திருக்கிறார். என் தொழிலை விளக்கியபோது, "காசு வாங்கிக்கொண்டோ சமாதானம் பேசுறனீ?" என்றார். கடைசி வரை அவருக்கு அது பிடிக்கவில்லை.

2010இல் ஊருக்குப் போனேன். போரில் இடம்பெயர்ந்து திரும்பிய வளவுகளில் வேலியும் இல்லை, கதியாலும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தங்கள் காணிக்குள் மூன்று அடி வந்துவிட்டார் என்று அப்பா நின்றார். "போய்க் கதை, உன்ர வேலைதானே." நான் உங்கள் மகன், நடுவில் நிற்க முடியாது என்றேன். "அப்ப என்னத்துக்குப் படிச்சனீ?"

கிராம சேவையாளராக இருந்து ஓய்வுபெற்ற விதானையாரை அப்பா கூப்பிட்டார். அவர் சைக்கிளில் வந்து தேநீர் குடித்தார். இரண்டு பேரும் கத்தி முடியும் வரை இருந்தார். பிறகு, "எல்லையில நிண்ட பனை எங்க?" என்றார். பங்கருக்குத் தறித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் அப்பா. அதைப் பக்கத்து வீட்டுக்காரரும் ஆமோதித்தார். காலையில் இருந்து இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. விதானையார் அலவாங்கு கேட்டார். அரை மணித்தியாலம் குத்திப் பார்த்ததில் மண்ணுக்குள் அடிக்கட்டை தட்டுப்பட்டது. அதிலிருந்து கயிறு பிடித்தார்கள்.

"பாத்தியோ, ஒரு சதம் கேட்டவரே?" என்றார் அப்பா.

அம்மா ஒரு வாழைக்குலையை வெட்டி விதானையாரின் சைக்கிளில் கட்டி அனுப்பினார். அதுதான் கட்டணம் என்றேன். அப்பா காதில் விழாத மாதிரி கிணற்றடிக்குப் போய்விட்டார்.