ஒன்றரை ஷிப்ட்டும் அமெரிக்க வரியும்

எங்கள் பள்ளியில் உலக அரசியல் எட்டாவது பீரியடில்தான் நடக்கும். கால அட்டவணையில் அப்படி ஒரு பாடம் கிடையாது. பத்தாம் வகுப்புக்கு அந்த நேரத்தில் சமூக அறிவியல் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நாள் முழுக்க உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அப்போது மனப்பாடம் செய்யத் தெம்பு இருக்காது. ஆனால் பேசச் சொன்னால் ஊரையே கூட்டிவிடுவார்கள்.

திருப்பூருக்கு வெளியே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. வகுப்பில் பெரும்பாலான வீடுகளில் அப்பாவோ அம்மாவோ, பல வீடுகளில் இரண்டு பேருமே, பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். டைலர், கட்டிங், செக்கிங், அயர்னிங், கைமடித்தல், பேக்கிங் என்று வகுப்பை எழுப்பி நிற்க வைத்தால் ஒரு முழு கம்பெனியே நடத்திவிடலாம். அதனால் இங்கே உலக அரசியலை நான் தேடிப் போய்க் கொண்டுவர வேண்டியதில்லை. அது சனிக்கிழமைச் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது.

2025 ஆகஸ்டில் வந்த கேள்வி இது. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "ஏனுங்க மிஸ், அமெரிக்காவுல வரி போட்டா எங்கம்மாவுக்கு எதுக்குங்க ஷிப்ட்டைக் குறைக்கோணும்?" என்றாள். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். திருப்பூரில் எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட். வாடகையையும் மளிகையையும் ஒரு ஷிப்ட் பார்த்துக்கொள்ளும். சீட்டு, பள்ளிச் செலவு, ஊரில் இருக்கும் பாட்டிக்கு மாத்திரை எல்லாம் அந்த அரை ஷிப்ட்டில்தான். அவள் வீட்டில் போனது அந்த அரை.

நடந்தது இதுதான். ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 25 சதவீதக் கூடுதல் வரி விதித்தது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக இன்னொரு 25 சதவீதத்தை ஆகஸ்ட் 27 முதல் சேர்த்தது. எண்ணெய்க்குப் பிறகு வருகிறேன், அது தனிச் சண்டை.

வரி என்றதும் வகுப்பில் எல்லோரும் நினைத்தது, இந்தியா அமெரிக்காவுக்குப் பணம் கட்டுகிறது என்றுதான். டீக்கடைப் பேச்சிலும் அப்படித்தான் ஓடுகிறது. டி.வி. விவாதங்களில் கத்துகிறவர்கள் சிலரே அப்படித்தான் நம்புகிறார்கள் போலிருக்கிறது. கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிற கம்பெனி, வாங்கிக்கொள்வது அவர்கள் நாட்டுச் சுங்கத்துறை என்றேன். உடனே கடைசி பெஞ்சில் இருந்து, "அப்ப அமெரிக்காக்காரன்தானுங்க கட்டறான், நமக்கென்ன மிஸ்?" என்று ஒரு குரல்.

சாக்பீஸை எடுத்தேன். இங்கே நான்கு டாலருக்கு அனுப்புகிற ஒரு பருத்தி டி-சர்ட். அதற்கு அமெரிக்காவில் 16.5 சதவீத வரி ஏற்கெனவே உண்டு, அது நமக்கும் வங்கதேசத்துக்கும் ஒன்றுதான். அதன்மேல் 50 சேர்ந்தால் 66.5. பையருக்கு, அதாவது அங்கே வாங்குகிற கம்பெனிக்கு, அடக்கம் 6 டாலர் 66 சென்ட். அதே டி-சர்ட்டை அதே விலைக்கு வங்கதேசத்தில் வாங்கினால், அவர்களுக்கு அப்போது கூடுதல் வரி 20 தான், ஆக மொத்தம் 36.5. அடக்கம் 5 டாலர் 46 சென்ட். ஒரு டி-சர்ட்டுக்கு 1 டாலர் 20 சென்ட் வித்தியாசம். அன்றைய மதிப்பில் நூறு ரூபாய்க்கு மேல். "நீ பையரா இருந்தா எங்க வாங்குவ?" என்று அவனையே கேட்டேன். "டாக்காவுலதானுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அப்புறம் போர்டில் மேலிருந்து கீழே எழுதினேன். பையர் தள்ளுபடி கேட்பார். ஏற்றுமதி செய்கிறவர் பாதியைத் தான் தாங்கிக்கொண்டு மீதியை, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் காரரிடம் குறைப்பார். அவர் பவர் டேபிள் என்கிற தையல் மெஷினில் ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று தருகிற பீஸ் ரேட்டைக் குறைப்பார், அல்லது ஆர்டர் குறைந்தது என்று அரை ஷிப்ட்டை வெட்டுவார். எழுதி முடிப்பதற்குள் பிள்ளைகள், "எங்கப்பா இங்க மிஸ்", "எங்கக்கா அதுக்குக் கீழ மிஸ்" என்று தங்கள் வீட்டு ஆட்களை அந்தப் பட்டியலில் நிறுத்த ஆரம்பித்துவிட்டார்கள். பையர் பக்கத்தில் நிற்க மட்டும் யாரும் இல்லை.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் தமிழ்நாட்டின் தொழில் தொகுப்புகள் பற்றி ஒரு பாடமும், உலகமயமாதலும் வர்த்தகமும் பற்றி இன்னொரு பாடமும் இருக்கின்றன. திருப்பூர் முதல் பாடத்தில் வரும். உலக வர்த்தக அமைப்பு அடுத்ததில். இரண்டையும் ஒன்றாக நடத்தினால்தான் உயிர் வருகிறது. 1974 முதல் துணி ஏற்றுமதிக்கு, இவ்வளவுதான் அனுப்பலாம் என்று நாடுவாரியாகக் கோட்டா இருந்தது, 2005 ஜனவரி 1 ஆம் தேதி அது முடிந்தது என்று நான் சொன்னால் அது வெறும் தேதி. வீட்டில் போய், 'அப்பா, நீங்க எந்த வருசம் திருப்பூர் வந்தீங்க?' என்று கேட்டு வரச் சொன்னால், தேனியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் அந்த ஆண்டுகளை ஒட்டி வந்த கதைகள் வகுப்புக்கு வந்து சேரும்.

உலக வர்த்தக அமைப்புப் பாடம் நடத்தியபோதுதான் நான் சரியாக மாட்டிக்கொண்டேன். 1995 ஜனவரி 1 முதல் செயல்படுகிறது, நாடுகளுக்கிடையிலான வர்த்தகத் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் என்று புத்தகம் சொல்கிறது. "அப்ப அங்க ஒரு கம்ப்ளைன்ட் குடுக்கலாமுல்லங்க மிஸ்?" என்று அதே முன்வரிசைப் பெண். கொடுக்கலாம். ஆனால் மேல்முறையீடு என்று போனால் கேட்க ஆள் இல்லை. ஏழு பேர் இருக்க வேண்டிய மேல்முறையீட்டு அமைப்பில் புதியவர்களை நியமிக்க அமெரிக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரு வழக்கைக் கேட்கக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். 2019 டிசம்பரில் மிச்சமிருந்த மூன்று பேரில் இரண்டு பேருக்குப் பதவிக்காலம் முடிந்து ஒருவர்தான் மிஞ்சினார். தோற்ற நாடு மேல்முறையீடு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வழக்கு அப்படியே அந்தரத்தில் நிற்கும்.

சற்று யோசித்துவிட்டு, "அப்ப பரிச்சைக்கு எதைங்க எழுதறது?" என்றாள். புத்தகத்தில் இருப்பதை எழுது, மதிப்பெண் அதற்குத்தான் என்றேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. இரண்டையும் தெரிந்துகொண்டு ஒன்றை எழுதுவதும் ஒரு படிப்புதான்.

வங்கதேசத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, 2024 ஆகஸ்ட் 5 ஆம் தேதி அந்நாட்டுப் பிரதமர் ஷேக் ஹசீனா பதவியை விட்டு நாட்டைவிட்டே போனார். அரசு வேலை இடஒதுக்கீட்டை எதிர்த்துக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய போராட்டம் அது. எங்கள் வகுப்பில் அது வந்து சேர்ந்த விதம் வேறு. "மிஸ், டாக்கா ஆர்டரெல்லாம் இனி நம்மூருக்குத்தானாமுங்க!" ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. சந்தோஷப்படாதே என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவர்கள் வீட்டு அடுப்பு அது. ஆனால் அங்கே தைப்பது யார் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. டாக்காவை ஒட்டிய சவாரில் இருந்த ராணா பிளாசா பற்றிச் சொன்னேன். எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் விட்டது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன. மேல்மாடிகளில் இருந்த தையல்காரர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். 24 ஆம் தேதி காலை கட்டடம் இடிந்தது. 1,134 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அன்று மீதி நேரம் வகுப்பில் பேச்சே இல்லை.

ஒரு வருடம் கழித்து, இந்த வரிக் கணக்கைப் போர்டில் போட்ட அன்று, ஒரு பையன் கேட்டான்: "மிஸ், இப்ப அங்க ஒரு ஸ்கூல்ல திருப்பூர் ஆர்டரெல்லாம் நமக்குத்தான்னு சொல்லிட்டிருப்பாங்களாங்க?" இருக்கலாம் என்றேன். நான் நடத்திய எந்தப் பாடத்திலிருந்தும் வராத கேள்வி.

சரி, 'அரசியல்' என்கிற சொல்லுக்கு வருவோம். "டீச்சர், அரசியல் வேண்டாம், போர்ஷனை முடிங்க" என்று தலைமையாசிரியர் அவ்வப்போது சொல்வார். அவர் கவலை நியாயம்தான். 1973 ஆம் ஆண்டு நடத்தை விதிகள்படி அரசு ஊழியர் எந்தக் கட்சியிலும் இருக்கக் கூடாது. நான் கட்சி பேசுவதில்லை. விலை, கூலி, சட்டம், போர் இவற்றைப் பேசுவேன், இவை இல்லாமல் என் பாடமே கிடையாது. பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு நன்றாகப் புரிகிறது. இருந்தாலும் நான் யாருக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று கண்டுபிடிப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. சிவப்புச் சேலை கட்டினால் ஒரு கட்சி, அடுத்த நாள் பச்சை கட்டினால் இன்னொன்று. ஸ்கூட்டியில் ஸ்டிக்கர் தேடியிருக்கிறார்கள். கறுப்பு ஜாக்கெட் போட்ட அன்று பெரிய பரபரப்பு.

2025 செப்டம்பரில் நேபாளத்தில் சமூக வலைத்தளங்களைத் தடை செய்து, இளைஞர்கள் தெருவுக்கு வந்து, இரண்டே நாளில் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகியபோது பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. இன்ஸ்டாகிராமை மூடினால் ஆட்சி கவிழும் என்பதுதான் அவர்களுக்குப் பிடித்த பாடம். முதல் நாளே 19 பேர் சுடப்பட்டு இறந்ததை அவர்களுடைய ரீல்ஸ் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதைச் சொன்னேன், மேற்கொண்டு விளக்கவில்லை.

ரீல்ஸ்தான் எனக்கு இன்றைக்குப் பெரிய தலைவலி. 2025 மே மாதம் இந்தியா பாகிஸ்தான் மோதல் நடந்தபோது பள்ளி விடுமுறை. ஜூனில் திறந்ததும் ஆளாளுக்கு ஒரு வீடியோவை வர்ணித்தார்கள். ஒருவன் சொன்ன விமானத் தாக்குதல் வீடியோவை என் போனில் தேடி எடுத்துக் காட்டினேன். பார்த்த உடனே பின்னாலிருந்து ஒருவன், "மிஸ், அது கேமுங்க. ஆர்மா" என்றான். ஆர்மா 3 என்கிற வீடியோ கேம் காட்சிகளை உக்ரைன், காசா என்று எல்லாப் போர்களுக்கும் ஒட்டிப் பரப்புவது பல வருடங்களாக நடக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் புகை போகிற விதம், கேமரா ஆடாமல் இருப்பது என்று அவன் ஒரு பாடமே நடத்தினான். எனக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. மே 8 இரவு கராச்சி துறைமுகமே அழிந்துவிட்டது என்று டி.வி.யில் சொன்னதையும் அவர்களே எடுத்துப் பேசினார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

பொய் வீடியோ எங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ நடந்த வேறு சண்டைகள். காவல்துறை மறுத்தது, பொய் பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது, பீகார் அரசே அதிகாரிகளை இங்கே அனுப்பிப் பார்த்தது. என் வகுப்பில் ஒரு பையன், அப்பா அம்மா பீகார், பேச்சு சுத்தமான கொங்குத் தமிழ். அப்போது அவன் ஏழாம் வகுப்பு. ஊரிலிருந்து பாட்டி போன் செய்து அழுதாராம், அப்பா இரண்டு பையில் துணியை அடுக்கி வைத்தாராம். "நான் கிரவுண்டுல இவனுககூட கிரிக்கெட் ஆடிட்டிருந்தனுங்க மிஸ், என்னைய அடிச்சுட்டாங்கன்னு பாட்டி அழுவுது" என்றான். வகுப்பே சிரித்தது, அவனும்தான்.

இப்போது எண்ணெய். 2022 க்கு முன் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு இரண்டு சதவீதத்தைத் தொட்டாலே அதிகம். உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பா வாங்குவதைக் குறைக்க, தள்ளுபடியில் கிடைத்ததால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் அதிகம் வெளியிலிருந்துதான் வருகிறது, மலிவாகக் கிடைத்தால் வாங்கத்தான் செய்வோம். நம்மைவிட அதிகமாக வாங்குகிற சீனாவுக்கு ஏன் இந்தத் தண்டனை இல்லை என்றார்கள். காந்தம், மோட்டார் செய்யத் தேவைப்படுகிற அரிய மண் உலோகங்கள் சீனாவின் கையில் இருக்கின்றன, அதை நிறுத்தினால் அமெரிக்கத் தொழிற்சாலைகள் திணறும் என்றேன். நம்மிடம் நிறுத்த என்ன இருக்கிறது என்று ஒருவன் கேட்க, "பனியன்" என்று இன்னொருவன் சொல்ல, சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது.

அப்புறம் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. எவன் மிரட்டினாலும் வாங்கத்தான் வேண்டும் என்று ஒரு பக்கம். எண்ணெயை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டு எங்கள் ஆர்டரைக் காப்பாற்றுங்கள் என்று இன்னொரு பக்கம். ஒருத்தி எழுந்து, எண்ணெய் மலிவாக வந்ததென்றால் பெட்ரோல் விலை ஏன் இறங்கவில்லை என்று கேட்டாள். 2022 முதல் எங்கள் ஊரில் அது நூறு ரூபாய்க்குக் கீழே வரவேயில்லை. "அப்ப லாபம் சுத்திகரிக்கிறவங்களுக்கும் கவர்மென்ட்டுக்கும், நட்டம் எங்கம்மாவுக்குங்களா?" என்றாள். நான் என்ன நினைக்கிறேன் என்று நச்சரித்தார்கள், வகுப்பில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். எண்ணெய் வாங்கியது தப்பில்லை. அந்தத் தள்ளுபடியில் மிச்சமானதில் ஒரு பங்கு, பறிபோன அரை ஷிப்ட்டுக்கு ஈடாகத் திருப்பூருக்கு வந்திருக்க வேண்டும்.

நான் சொல்லாமலே அவர்களும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நின்றார்கள். மத்திய வர்த்தக அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதுவது என்று முடிவு. தமிழ்ப் பரிச்சையில் எப்படியும் கடிதம் வரும், பயிற்சியாகவும் ஆச்சு. பெறுநர் முகவரி, ஐயா, வணக்கம் வரை ஒரே மூச்சில் வந்துவிட்டது. உள்ளே இழப்பீடு கேட்பதா, தீபாவளி போனஸுக்கு உத்தரவாதம் கேட்பதா என்பதில் இன்னும் சண்டை. இப்போதைக்கு இரண்டு வரைவும் தமிழம்மா மேஜையில் இருக்கின்றன. ஒற்றுப்பிழை திருத்தித் தராமல் டெல்லிக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார்.