வெட்டிய இரண்டு வரி

அந்த அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தம்பி, இதில அப்பா என்னத்தை வெட்டியிருக்கிறார்?"

"வாசிக்க ஏலாமல் இருக்கு அக்கா" என்றேன். நான் அதை வாசித்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

வெள்ளவத்தையில் எங்கள் அச்சகத்துக்கு அவர் கொண்டுவந்தது அப்பா இயற்றிய கிருதிகள், ஏழு சீ.ஆர். கொப்பிகளில். தட்டச்சு செய்வது என் வேலை. போகப்போக அந்த மனிதரே பழகிவிட்டார். சரணம் அமையாத நாளில் ஒரே ஸ்வர வரியை நாலு தடவை வெட்டி எழுதியிருப்பார். அமைந்த நாளில் எழுத்து பெரிதாகி ஓரம் வரை ஓடும்.

1979 என்று திகதி போட்ட கீரவாணி ராகக் கிருதியில், தலைப்புக்குக் கீழே இரண்டு வரி வேறு நிற மையால் தாள் கிழிய வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தைத் திருப்பி, மேசை விளக்கைச் சரித்துப் பிடித்தேன். பேனை அழுத்திய தடத்தில் தெரிந்தது: ஒரு சிங்கள நண்பருக்குச் சமர்ப்பணம்.

83 இனக்கலவரத்துக்குப் பிறகு வெட்டியிருப்பார் என்றுதான் உடனே நினைத்தேன். கொழும்பில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் கோபத்திலா, பயத்திலா, அந்த நண்பரைக் காப்பாற்றவா?

பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனிப் படி ஒன்று வியன்னாவில் இருக்கிறது. அதன் முதல் தாளில் நெப்போலியனைக் குறிக்கும் பொனபார்ட் என்ற பெயரைச் சுரண்டியதில் ஓட்டையே விழுந்திருக்கிறது. அதே தாளின் கீழ்ப்பகுதியில் பொனபார்ட்டின் பெயர் பென்சிலில் அப்படியே நிற்கிறது. 1804 ஓகஸ்டில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்திலும், சிம்பொனியின் பெயர் உண்மையில் பொனபார்ட் என்கிறார். வெட்டியதால் வெறுத்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது?

வெட்டியதை விட்டுவிட்டு நல்ல படி எடுப்பதுதானே என் வேலை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தியாகராஜரின் கிருதிகளை வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் போன்ற சீடர்கள் எழுதிவைத்ததால்தான் இன்று பாடுகிறோம். சரி, ஆனால் சீடருக்குக் குருவைத் தெரியும். எனக்குக் கொப்பியை மட்டும்தான் தெரியும்.

ஏழாவது கொப்பியில் அதே கிருதியை மறுபடி எழுதியிருக்கிறார். தலைப்புக்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் வெறுமையாக. அச்சிலும் அப்படியே விட்டேன்.

"ஏன் தம்பி இந்த இடம்?"

"அப்பா அப்படித்தான் விட்டிருக்கிறார் அக்கா."

"முந்தி எங்கட வீட்டுக்குத் தபேலா வாசிக்கிற ஒரு மாமா வருவார்..." என்று தொடங்கி நிறுத்தினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் புரூஃபின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அக்கா வீட்டிலும் மேசை விளக்கு இருக்கும்.