பத்தாயிரம் டி-சர்ட்டும் நடுவில் நிற்கும் நாட்களும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆர்டர் வந்துவிட்டால், முதலாளியின் கண் விலையில் இருக்கும், ஆர்டரைப் பின்தொடரும் மெர்ச்சண்டைசரின் கண் பையரின் (வாங்குபவரின்) மெயிலில் இருக்கும். நூல் வாங்குவதிலிருந்து அட்டைப்பெட்டி தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்பும் வரை மொத்தத்தையும் ஒரே பார்வையில் வைத்திருப்பது ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட்டின் வேலை. பல கம்பெனிகளில் அதற்கென்று ஆளே இல்லை. நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), டையிங் (சாயம் போடுவது), காம்பாக்டிங் (துணியை அழுத்திச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்துவது) எல்லாம் வெளியே கூலிக்கு, ஜாப் ஒர்க்காகப் போகும். புரொடக்‌ஷன் மேனேஜர் தையலை மட்டும் பார்ப்பார். ஒரு செக்‌ஷன் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை துணி சும்மா கிடக்கும் நாட்களுக்கு யாரும் பொறுப்பில்லை. லாபத்தில் பெரும்பகுதி கரைவது அங்கேதான் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். 10,000 பீஸ் ஆண்கள் டி-சர்ட், 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணி. உடல் நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, ஆக 104. மார்பு 54, தையலுக்கு 4, ஆக 58. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கத்துக்காக 2-ஆல் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கி, சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக்க 10,000-ஆல் வகுத்தால் ஒரு பீஸுக்கு 181 கிராம். கட்டிங் வேஸ்ட் 8 சதவீதம் சேர்த்தால் 195 கிராம். ரிஜெக்ட் போகும் என்பதால் 10,300 பீஸ் வெட்ட வேண்டும். அதற்கு 2,008 கிலோ முடிந்த துணி. டையிங்கில் 7 சதவீதமும் நிட்டிங்கில் ஒன்றரை சதவீதமும் கழியும் என்று வைத்தால், வாங்க வேண்டிய நூல் ஏறக்குறைய 2,200 கிலோ.

இந்தக் கணக்கைக் குலைப்பது பெரும்பாலும் ஜிஎஸ்எம்தான். காம்பாக்டிங் முடிந்து துணி 150-க்குப் பதில் 160 ஆக வந்தால் கையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே 2,008 கிலோவில் சுமார் 9,650 பீஸ்தான் கிடைக்கும். ஆர்டரே குறைந்துபோகும். குறையும் துணிக்காக மறுபடி நூல் வாங்கி, மறுபடி நிட்டிங், டையிங் போனால் இரண்டு வாரம் போய்விடும். அதனால் முதல் லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி) டையிங்கிலிருந்து வந்தவுடனே ரவுண்ட் கட்டரால் துணியில் மூன்று நான்கு இடங்களில் வெட்டி எடை போட வேண்டும். எல்லா லாட்டும் வந்த பிறகு பார்ப்பதில் பயன் இல்லை.

டையிங்கில் இன்னொரு சிக்கல். 500 கிலோ பிடிக்கும் மெஷினில் இந்த ஆர்டர் ஐந்து லாட்டாகப் போகும். ஒரே ரெசிபி போட்டாலும் லாட்டுக்கு லாட் ஷேட் கொஞ்சம் மாறும். கழுத்துப் பட்டிக்கான ரிப் துணியையும் பாடித் துணியையும் ஒரே லாட்டில் போட்டே ஆக வேண்டும். ரிப் எடை குறைவுதானே, பிறகு தனியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், கழுத்து ஒரு நிறமும் உடம்பு ஒரு நிறமுமாக வரும். மறுசாயம் போட்டால் செலவு இரட்டிப்பு, நாளும் இரட்டிப்பு.

வெளியிலிருந்து வரும் தாக்கத்துக்கும் சாயமே பெரிய பாடம். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூல் இருந்தது, மெஷின் இருந்தது, ஆள் இருந்தது. சாயம் போட இடமில்லை. துணி வெளியூருக்கு லாரியில் போய் வந்தது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறிய பின் சாயக் கூலியில் சுத்திகரிப்புச் செலவும் சேர்ந்தது. ஆற்றுக்கு அது நியாயமாகச் சேர வேண்டிய காசு. கம்பெனிக்கு அதன் பொருள், முதல் முறையே ஷேட் சரியாக வர வேண்டும். லேப் டிப் (ஆய்வகத்தில் சாயம் போட்ட மாதிரித் துண்டு) அப்ரூவல் நிட்டிங் முடிவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

கட்டிங்குக்கு முன் துணியை ரோலிலிருந்து அவிழ்த்து, ஒரு நாளாவது தளர விட வேண்டும். அவசரத்தில் நேராக விரித்து வெட்டினால், வெட்டிய பாகம் மேஜையிலேயே சுருங்கும். குறை தெரிவது செக்கிங் டேபிளில், உடல் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் குறையும்போது. பழி டெய்லர் மேல் விழும்.

இனி பவர் டேபிள், அதாவது தையல் லைன். சைடு அடிக்க 50 விநாடி, கை ஏற்ற 45, அடி மடிப்பு அடிக்கும் பாட்டம் பேட்லாக் 30, மற்றவை எல்லாம் 30-க்குள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெஷின் இருந்தால் மணிக்கு 72 பீஸ்தான் வெளியே வரும். சைடு அடிக்கும் ஓவர்லாக் மெஷின் அதற்கு மேல் விடாது. அங்கே இன்னொரு ஓவர்லாக் போட்டால் இரண்டு மடங்கு ஆகிவிடும் என்று நினைப்பார்கள். ஆகாது. கை ஏற்றும் இடத்தில் சிக்கி 80-ல் நிற்கும். அங்கேயும் ஒன்று போட்டால்தான் 120. மெஷின் வாங்குவதற்கு முன் ஸ்டாப்வாட்ச் எடுத்து ஒவ்வொரு வேலைக்கும் பத்துப் பீஸாவது அளந்து பார்ப்பது இதற்காகத்தான். ஒன்றரை ஷிப்டு ஓட்டுவதும் இதற்கு மருந்து ஆகாது. அடைப்பு அதே இடத்தில் இருக்கும், கூலி மட்டும் கூடும்.

லைனில் தேங்கும் பீஸ்களையும் எண்ண வேண்டும். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி ஒன்று உண்டு: உள்ளே நிற்கும் எண்ணிக்கையை வெளிவரும் வேகத்தால் வகுத்தால், ஒரு பொருள் உள்ளே இருக்கும் நேரம் கிடைக்கும். லைனில் 600 பீஸ், மணிக்கு 100 வெளிவருகிறது என்றால் ஆறு மணி நேரம். தோள் ஜாயின்டில் தையல் விடுவது லைன் கடைசியில்தான் தெரியும் என்றால், தெரிவதற்குள் கிட்டத்தட்ட 600 பீஸும் அப்படியே தைத்து முடிந்திருக்கும். ஒரே கட்டாக நகரும் பண்டிலை முப்பது பீஸிலிருந்து பத்தாகக் குறைத்தால், கட்டுகளை எடுத்துக் கொடுக்கும் கைமடி ஆட்களுக்கு நடை கூடும். ஆனால் லைனில் நிற்பதும் மூன்றில் ஒரு பங்காகி, தவறு இரண்டு மணி நேரத்தில் பிடிபடும். நடை கூடினாலும் பரவாயில்லை என்பேன்.

ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில், ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 என்றால் 10,000 பீஸ் லாட்டில் 200 எடுப்பார்கள். 10 குறை வரை பாஸ், 11 என்றால் ஃபெயில். ஃபெயிலானால் மொத்தப் பெட்டியையும் பிரிக்க வேண்டும். அதில் கப்பல் தவறினால் விமானச் சரக்குக் கூலி பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில்தான் விழும். முதலாளி விலை பேசிச் சேர்த்த லாபம் அந்த ஒரு பில்லில் போய்விடும்.

பேக்கிங்கில் கடைசி முட்டுக்கட்டை சைஸ் ரேஷியோ. பெட்டிக்கு எஸ், எம், எல், எக்ஸ்எல் 1:2:2:1 என்றால், எம் சைஸில் 40 பீஸ் செக்கிங்கில் நின்றாலே 20 ரேஷியோ செட் மூடாமல் நிற்கும். மற்ற 80 பீஸும் சேர்ந்து தேங்கும். ரிஜெக்ட்டை மொத்த எண்ணிக்கையில் பார்க்காமல், சைஸ்வாரியாகத் தினமும் மாலை எழுதி கட்டிங் மாஸ்டருக்குக் கொடுத்தால், துணி மேஜையில் இருக்கும்போதே அந்த 40-ஐ வெட்டிக்கொள்ளலாம்.