ஹோம் ரன் மட்டும் போதுமா?

ஃபேன்டசி பேஸ்பால் (நிஜ வீரர்களின் புள்ளிவிவரத்தை வைத்து நாம் அணி நடத்தும் விளையாட்டு) டிராஃப்டில், அதாவது முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் நாலு ரவுண்டும் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடிக்கும் ஆட்களாகவே அள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. வழக்கமான ரோட்டோ லீகில் (ஒவ்வொரு பிரிவிலும் அணிகளை வரிசைப்படுத்தும் முறை) பேட்டிங்குக்கு ஐந்து பிரிவு, பிட்சிங்குக்கு, அதாவது பந்துவீச்சுக்கு, ஐந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புள்ளி. 2023இல் கைல் ஷ்வார்பர் 47 ஹோம் ரன் அடித்தார், சரி, ஆனால் பேட்டிங் சராசரி .197! அதே வருடம் லூயிஸ் அராயெஸ் .354 அடித்தார், ஹோம் ரன் வெறும் 10. இருவரையும் சேர்த்து எடுத்தால் ஒருவர் ஓட்டையை இன்னொருவர் அடைப்பார், ஒருவரை மட்டும் எடுத்தால் சீசன் முழுக்கத் தலைவலி.

பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது) இப்போது மலிந்து கிடக்கிறது. 2023இல் பேஸை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கி, பிட்சர் ரப்பரை (பந்து வீசும்போது கால் வைக்கும் பட்டை) விட்டு இறங்குவதற்கும் கட்டுப்பாடு வைத்தார்கள், முந்தைய வருடம் 2,486 ஆக இருந்த திருட்டு 3,503க்கு எகிறியது. அதனால் ஓட மட்டுமே தெரிந்தவருக்காக மூன்றாவது ரவுண்டை வீணாக்காதீர்கள்.

குளோசரா (ஆட்டத்தின் கடைசியில் வந்து முன்னிலையைக் காக்கும் பிட்சர்)? நடு ரவுண்டில் ஒருவர் போதும். சீசன் நடுவில் எப்படியும் சிலருக்கு வேலை போகும், அப்போது வேய்வரில் (யார் அணியிலும் இல்லாத வீரர்களின் பட்டியல்) புது ஆளைப் பிடித்துக்கொள்ளலாம்.

அப்புறம், அணிக்கு ஒரே ஒரு கேட்சர் (பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவர்) வைக்கும் லீக் என்றால் கேட்சருக்குக் கடைசி ரவுண்டே தாராளம், 2025இல் 60 ஹோம் ரன் அடித்த கேல் ராலி மாதிரி ஆள் நியாயமான இடத்தில் மாட்டினால் மட்டும் யோசிக்கலாம்.