கரீபா: ஆறு மதகும் அடியில் ஒரு பள்ளமும்

சிம்பாப்வே பக்கப் பார்வைத்திடலில் நின்றால் கரீபா அணை முழுதும் கண்ணில் விழும். ஜாம்பசி ஆற்றை எதிர்த்து முதுகு வளைத்த 128 மீட்டர் உயரச் சுவர். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் மேலே ஓடும் சாலையில் நடக்கக் குடிவரவுச் சாவடியில் சொல்ல வேண்டும். அக்கரை ஜாம்பியா.

1955 முதல் 1959 வரை, ரொடீசியா நியாசாலாந்து கூட்டமைப்பின் (இன்றைய ஜாம்பியா, சிம்பாப்வே, மலாவி) காலத்தில் கட்டியது. வடிவமைத்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஆந்திரே கோயின். கட்டியது இத்தாலியின் இம்ப்ரெசிட் நிறுவனம். வளைவு அணை நீரின் தள்ளலை இரு கரைப் பாறைக்குக் கடத்திவிடும்; அதனால் சுவர் மெலிதாகலாம். மெலிது என்றாலும் சுமார் 10 லட்சம் கன மீட்டர் காங்கிரீட்! பாறை பலவீனமானால் கணக்கே தப்பும். தென்கரைப் பாறையைக் கட்டி முடித்த பின்னும் தோண்டிக் காங்கிரீட் நிரப்பிப் பலப்படுத்த வேண்டியிருந்தது.

அடித்தளம் தோண்ட ஆற்றின் நடுவே வட்டமாகத் தற்காலிக அணை எழுப்பி, உள்ளே நீரை இறைத்தார்கள். 1957 வெள்ளம் அதை மூழ்கடித்தது. 1958-ல் விநாடிக்கு சுமார் 16,000 கன மீட்டர் வந்து பாலத்தையும் அடித்துக்கொண்டு போனது. அதைப் பார்த்த பிறகே மதகுகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஆறாக்கினார்கள்.

அங்கேதான் இன்னொரு தொல்லை தொடங்கியது. மதகு நீர் உயரத்திலிருந்து நேரே பாறையில் விழுந்து, சுமார் 80 மீட்டர் ஆழப் பள்ளம் பறித்துவிட்டது. அது பின்னோக்கி அரித்தால் அணையின் காலடிக்கே ஆபத்து. சீரமைப்பில் பள்ளத்தை ஆறு ஓடும் திசையில் அகலப்படுத்தினார்கள். நீர் பரவினால் அடி குறையும். மதகுக் கதவுகள் வேறு கதை: சிமென்ட்டின் காரமும் ஜல்லியின் சிலிக்காவும் வினைபுரிந்து காங்கிரீட் மெல்ல உப்புகிறது, கதவு ஏறி இறங்கும் காடி கோணுகிறது.

இறந்த தொழிலாளர் 86 பேர். ஊரின் புனித பார்பரா தேவாலயமும் வட்டமாகத்தான் இருக்கிறது, அந்தத் தற்காலிக அணையை நினைவூட்டி. அணையின் பின்னே தேங்கிய ஏரிக்காக இடம்பெயர்ந்த, அந்தப் பள்ளத்தாக்கின் டோங்கா மக்கள் சுமார் 57,000 பேர். இடம்பெயர மறுத்த கிராமத்தில் 1958 செப்டம்பரில் காவல்துறை சுட்டதில் எட்டுப் பேர் மாண்டனர். கட்டும்போது வந்த வெள்ளங்களை டோங்கா மக்கள் நதிதெய்வம் நியாமிநியாமியின் கோபம் என்றார்கள்.

மதகு திறந்து பார்க்க ஆசைப்படுவோர் ஏரி நிரம்பிய ஆண்டாகத் தேர்ந்தெடுங்கள். மழை பொய்த்தால் ஆறு கதவும் மூடியே கிடக்கும்; அணையின் நீர்மின்சாரம் குறைந்து மின்வெட்டும் உண்டு. டார்ச் எடுத்துச் செல்லுங்கள்.