தைராய்டு கட்டிக்கு செகண்ட் ஒப்பீனியன்: ரிப்போர்ட் மட்டும் போதாது, ஸ்லைடையும் வாங்கிட்டுப் போங்க

எங்க அக்காவுக்கு தைராய்டுல கட்டி இருக்கறது கழுத்து ஸ்கேன்லதான் தெரிஞ்சுது. வலது பக்கம் 2.8 செ.மீ, டைராட்ஸ் 3 (ஸ்கேன்ல கட்டி எவ்ளோ சந்தேகமா தெரியுதுன்னு குடுக்கற நம்பர்). தைராய்டுக்கு பாக்கற ரத்த டெஸ்ட் டி.எஸ்.ஹெச் நார்மல், வலி கிடையாது, குரலும் மாறல. ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரில எஃப்.என்.ஏ.சி, அதாவது கட்டில ஊசி குத்தி செல்லு எடுத்து பாக்கற டெஸ்ட் பண்ணாங்க, பெத்தெஸ்டா 3ன்னு ரிப்போர்ட் வந்துச்சு, சர்ஜன் அதைப் பாத்ததும் ரெண்டு பக்கமும் முழுசா எடுத்துரலாம், அடுத்த வாரமே அட்மிட் ஆயிடுங்கன்னுட்டார். மச்சான் அன்னைக்கே பணத்துக்கு அலைய ஆரம்பிச்சுட்டார். வீட்ல யாரும் வாய்விட்டு சொல்லலயே தவிர எல்லார் மனசுலயும் கேன்சர்ங்கற பயம்தான்.

இந்த பெத்தெஸ்டாங்கறது ஊசில எடுத்த செல்ல பாத்து குடுக்கற கிரேடு, 1ல இருந்து 6 வரைக்கும் போகும். 2ன்னா சாதாரண கட்டி, 6ன்னா கேன்சர்னு கிட்டத்தட்ட உறுதி. 3ங்கறது நடுவுல தொங்கறது, செல்லு கொஞ்சம் வித்தியாசமா இருக்கு ஆனா எதுன்னு சொல்ல முடியலன்னு அர்த்தம். 2023ல திருத்தி வந்த பதிப்புப்படி இதுல கேன்சரா இருக்கற வாய்ப்பு சராசரியா 22 சதவீதம். அலட்சியமா விடக்கூடாது, அதுக்காக உடனே முழு தைராய்டையும் எடுத்தே ஆகணும்னும் இல்ல. திரும்ப ஊசி குத்திப் பாக்கலாம், சில இடத்துல ஜீன் டெஸ்ட் பண்ணுவாங்க, ஆபரேஷன்தான்னாலும் பல பேருக்கு கட்டி இருக்கற பாதிய மட்டும் எடுத்தா போதும். முழுசா எடுத்துட்டா ஆயுசுக்கும் தைராக்ஸின் மாத்திரை, பக்கத்துல இருக்கற, கால்சியத்த கவனிச்சுக்கற பாராதைராய்டு சுரப்பி அடிபட்டா கால்சியம் குறைஞ்சு கை கால் மரத்துப்போகும். இதையெல்லாம் அந்த சர்ஜன் ஒரு வார்த்தை கூட சொல்லலங்கறதுதான் எனக்கு இன்னைக்கும் ஆத்தாமை.

வேலூர் சி.எம்.சி போலாம்னு முடிவு பண்ணோம். அங்க வைத்தியம் பாத்துகிட்ட ஒரு சொந்தக்காரர் சொன்னது, ரிப்போர்ட் பேப்பர மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, ஊசில எடுத்த செல்ல தடவி வச்சிருக்கற ஸ்லைடையே கேட்டு வாங்குங்கன்னு. லேப்ல முதல்ல தயங்கினாங்க, ரிப்போர்ட்தான் குடுத்தாச்சேன்னாங்க. வேற டாக்டர்கிட்ட ரிவ்யூவுக்கு வேணும்னு எழுதிக் குடுத்து கையெழுத்து போட்டதும் எடுத்துக் குடுத்தாங்க. சின்ன பிளாஸ்டிக் டப்பால கண்ணாடி ஸ்லைடு, ஓரத்துல அக்காவோட லேப் நம்பர். அந்த நம்பரும் ரிப்போர்ட்ல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு அங்கயே நின்னு சரிபாத்துக்கணும், இது ரொம்ப முக்கியம். ஆபரேஷன் முடிஞ்சவங்கன்னா எடுத்த சதைய மெழுகுல பதிச்சு வச்சிருக்கற பயாப்சி பிளாக்கையும் சேத்துக் கேளுங்க. ஸ்கேன் படம், ரத்த டெஸ்ட், சாப்பிடற மாத்திரை லிஸ்ட் எல்லாம் தேதி வாரியா ஒரே ஃபைல்ல வச்சுட்டோம்.

ஈரோட்டுல ரயிலேறி காட்பாடில இறங்கி போனோம். கூட்டம் கூட்டம்தான், காத்திருக்கத் தெம்போட போகணும். ஆனா உள்ள போனதும் டாக்டரம்மா அவசரமே படல. அக்காவுக்குப் பின்னாடி நின்னு ரெண்டு கையாலயும் கழுத்தத் தொட்டுப் பாத்துகிட்டே, ஒரு வாய் தண்ணி குடுத்து "முழுங்குங்கம்மா"ன்னாங்க, கட்டி மேல ஏறி இறங்குதான்னு பாக்கறதுக்கு. குடும்பத்துல யாருக்காச்சும் தைராய்டு கேன்சர் இருந்துச்சா, சின்ன வயசுல கழுத்துக்கு ரேடியேஷன் குடுத்தாங்களா, எல்லாத்தையும் கேட்டாங்க. ஸ்லைட அங்க இருக்கற பெத்தாலஜிக்கு, அதாவது செல்ல மைக்ராஸ்கோப்புல பாக்கற டிபார்ட்மெண்டுக்கு ரிவ்யூவுக்கு அனுப்பினாங்க. ரத்தம்தான் நிறைய இருக்கு, பாக்கற அளவுக்கு செல்லு பத்தலன்னு அவங்க பதில் வந்துச்சு. அதனால ஸ்கேன்ல பாத்துகிட்டே மறுபடியும் ஊசி குத்தி எடுத்தாங்க. இந்த தடவை பெத்தெஸ்டா 2. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஒரு வருஷம் கழிச்சு ஸ்கேன் பாக்கலாம்னு சொன்னப்ப அக்கா அங்கயே அழுதுடுச்சு.

எல்லாருக்கும் இப்படியே வரும்னு நான் சொல்லல. ரெண்டாவது டாக்டரும் ஆபரேஷன்தான்னு சொன்னா, ஏன், பாதியா முழுசான்னு தெளிவா கேட்டுகிட்டு மனசு நிறைஞ்சு பண்ணிக்கலாம். தைராய்டு கட்டில பெரும்பாலும் சில வாரம் பொறுத்தா ஒண்ணும் கெட்டுப்போகாது, ஆனா குரல் கம்முது, மூச்சு முட்டுது, முழுங்க முடியல, கட்டி வேகமா பெருக்குதுன்னா தள்ளிப்போடாம உடனே காட்டுங்க. வேலூர் வரைக்கும் முடியாதவங்க சென்னைல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைல எண்டோகிரைன் சர்ஜரிக்குன்னே, அதாவது தைராய்டு மாதிரி ஹார்மோன் சுரப்பி ஆபரேஷனுக்குன்னே தனி டிபார்ட்மெண்ட் இருக்கு, அங்க காட்டலாம்.

முதல்ல பாத்த டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு மச்சான் ரொம்ப சங்கடப்பட்டார். "இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுட்டு வர்றோங்க சார்"னு நேராவே சொன்னோம், அவர் சரின்னுட்டார், அவ்ளோதான். அடுத்த ஸ்கேனையும் வேலூர்லயே எடுக்கறதா இருக்கோம், அதே இடத்துல எடுத்தாதான் அளவு கூடிருக்கா குறைஞ்சிருக்கான்னு சரியா ஒப்பிட முடியும்னு டாக்டரம்மா சொல்லி அனுப்பிருக்காங்க.